குளிர் பிறக்கும் சிறு துளை

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் கோட்டைகளைப் பற்றியும் கொடிகளைப் பற்றியுமே கூறுவர். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை எழுப்பியதும், 1639 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியதும், 1782 ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் கைக்கும் அவ்வாண்டு ஓகத்தில் பிரெஞ்சுக்காரர் கைக்கும் அது மாறியதும், 1795 இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தமர்ந்ததும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகளே. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு பெரியதன்று. ஒருவர் உள்ளங்கையில் அடங்கத்தக்க ஒரு பித்தளைக் கருவி அது. குளிரூட்டும் பொறியின் நடுவே அமர்ந்திருக்கும் விரிவு வால்வு என்பது அதன் பெயர்.

இச்சிறு கருவிக்கு ஒரு வரலாறு உண்டோ என நேயர்கள் ஐயுறலாம். உண்டு, அவ்வரலாற்றின் ஒரு பகுதி இத்துறைமுகத்து நீரின் வெப்பத்தோடு பின்னிக் கிடக்கின்றது. அன்றியும், கச்சான் காற்று வீசும் வைகாசி தொடங்கி ஆவணி வரையுள்ள மாதங்களில், மருத்துவமனையிலோ விடுதியிலோ மீன் சேமிக்கும் அறையிலோ குளிர் தராது பொறி வெறுமனே சுழலும்போது, ‘காஸ் குறைந்துவிட்டது’ என்ற ஒரே விடைதான் பெரும்பாலும் கிடைக்கின்றது. காஸ் ஏற்றப்படுகின்றது, பணம் கொடுக்கப்படுகின்றது, சில நாளில் பழைய கதையே திரும்புகின்றது. குற்றம் காஸில் இல்லாது வால்வில் இருந்தால், ஏற்றிய காஸ் நோயைத் தீர்க்காது. புதியதொரு நோயையும் உண்டாக்கும். அதனைப் பகுத்தறிய வேண்டுமாயின், அக்கருவி எதற்காகத் தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது என்பதை முதலில் அறிதல் நன்று.

திரவம் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்லும் என்பது புதிய செய்தியன்று. மண்பானையிற் கசியும் நீர் காற்றில் உலர்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்வதை நம் பாட்டிமார் நூல் படியாமலே அறிந்திருந்தனர். ஸ்கொத்லாந்து நாட்டு மருத்துவப் பேராசிரியர் வில்லியம் கலன், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஈதர் இருந்த கலத்தினின்று காற்றை வெளியேற்றி, அத்திரவம் விரைந்து ஆவியாகும்படி செய்து, சிறிதளவு பனிக்கட்டியைத் தோற்றுவித்தார். ஆனால் ஆவியான ஈதர் போனது போனதே. அதனைப் பிடித்து, அமுக்கி, மீண்டும் திரவமாக்கி, திரும்பவும் வேலைக்கு ஏவும் வழியை 1834 ஆம் ஆண்டில் இலண்டனிற் பதிவு செய்தவர் யேக்கப் பேர்க்கின்ஸ் என்னும் அமெரிக்கர்.

அவர் வகுத்த சுற்றில் நான்கு உறுப்புகள் இருந்தன. ஆவியை அமுக்கும் அமுக்கி ஒன்று. அமுக்கிய ஆவியின் வெப்பத்தை வெளியே கழித்துத் திரவமாக்கும் ஒடுக்கி மற்றொன்று. திரவம் மீண்டும் ஆவியாகிக் குளிரைத் தரும் ஆவியாக்கி மூன்றாவது. நான்காவது, ஒடுக்கிக்கும் ஆவியாக்கிக்கும் இடையே நிற்கும் வால்வு. ஒருபுறம் மிகுந்த அமுக்கம், மறுபுறம் குறைந்த அமுக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சிறு துளை. அத்துளையைக் கடக்கும் திரவம் அமுக்கம் குறைந்து, ஒரு பகுதி உடனே ஆவியாகி, எஞ்சியதைக் குளிர்வித்துக்கொண்டு பாய்கின்றது. இன்றுவரை பேரளவிலும் சிற்றளவிலும் செய்யப்பட்ட பொறிகளிற் பெரும்பாலானவை இந்நான்கு உறுப்புகளையே கொண்டவை. இருநூறு ஆண்டுகளை நெருங்கியும் அடித்தளம் மாறாதிருக்கும் இயந்திரங்கள் மிகச் சிலவே.

ஆயினும் பேர்க்கின்சின் பொறி சந்தைக்கு வரவில்லை. பனிக்கட்டி அக்காலத்திற் கப்பலேறி வரும் சரக்காகவே இருந்தது. அமெரிக்காவின் பொசுற்றன் நகரத்து வணிகர் பிரெடரிக் தூடர் 1833 ஆம் ஆண்டில் ‘தஸ்கனி’ என்ற கப்பலில் 180 தொன் பனிக்கட்டியை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் உருகியது போக ஏறத்தாழ நூறு தொன் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842 இல் அவர் எழுப்பிய பனிக்கட்டி மாளிகை, பிற்காலத்திற் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்த சிறப்பினால் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. மரத்தூளிற் பொதிந்து பாதி உலகைச் சுற்றி வந்த பனிக்கட்டியை, இயந்திரத்தால் உண்டாக்கிய பனிக்கட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் வென்றது. அவுஸ்திரேலியாவில் யேம்ஸ் ஹரிசன் ஈதரைக்கொண்டும், செருமனியில் கார்ல் லிண்டே அமோனியாவைக்கொண்டும் பொறிகளை அமைத்து வழிகாட்டினர். 1882 ஆம் ஆண்டில் ‘தனீதின்’ என்னும் பாய்க்கப்பல் நியூசிலாந்தினின்று உறைந்த இறைச்சியை இலண்டனிற் பழுதின்றி இறக்கியது. அக்கப்பலில் இருந்தது காற்றையே அமுக்கி விரித்துக் குளிர்விக்கும் வேறொரு வகைப் பொறி என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் நாம் பேசும் வால்வுக்கு வேலையில்லை.

இனித் திருகோணமலைக்கு வருவோம்.

கப்பல்களில் அமோனியா கசிந்தால் மூச்சுமுட்டும். ஈதர் கசிந்தால் தீப்பற்றும். ஆகவே 1890 ஆம் ஆண்டளவிலிருந்து கடற்பொறிகளில் காபனீரொட்சைட்டு விரும்பப்பட்டது. இங்கிலாந்தில் தாட்போட் நகரத்து ஹோல் நிறுவனத்தார் இவ்வகைப் பொறிகளுக்குப் பெயர் பெற்றனர். நச்சுத்தன்மை குறைவு, தீப்பற்றாது, விலையும் அதிகமில்லை. இத்தனை நற்குணம் கொண்ட வாயுவுக்கு ஒரு குறை இருந்தது. அக்குறை இலண்டனில் வெளிப்படவில்லை, வெப்பவலயத்துத் துறைமுகங்களிலேயே வெளிப்பட்டது.

ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு. அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினும் அது திரவமாகாது. காபனீரொட்சைட்டுக்கு அவ்வெல்லை சென்ரிகிறேட் அளவில் 31 பாகை. வட அத்திலாந்திக்கின் குளிர்ந்த நீரை ஒடுக்கியிற் செலுத்தும் கப்பலுக்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால் நமது குடாவின் மேல்நீர் ஆண்டின் பெரும்பகுதியில் 28 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையே நிற்பது. ஒடுக்கியில் உள்ள வாயு, தன்னைக் குளிர்விக்கும் நீரைவிடச் சில பாகையாவது சூடாக இருந்தாலன்றி வெப்பம் நீருக்குச் செல்லாது. எனவே வாயு 31 பாகையைத் தாண்டிவிடும். ஒடுக்கி தன் பெயருக்கேற்ற தொழிலைச் செய்யாது. பொறி தன் ஆற்றலிற் பெரும்பங்கை இழக்கும்.

அந்நாளில் விரிவு வால்வு கையினாற் திருகப்படுவது. கப்பலின் பொறியறையில் நிற்பவர் உறைபனி குழாயில் எதுவரை படர்ந்திருக்கிறது எனக் கண்ணாற் பார்த்தும், குழாயைத் தொட்டும், அமுக்கமானியை நோக்கியும் அதனைச் சிறிது திறப்பார், சிறிது மூடுவார். குளிர் போதாவிடில் வால்வை மேலும் திறப்பதுதான் இயல்பாகத் தோன்றும் வழி. ஆனால் 31 பாகையைக் கடந்த நிலையில் உண்மை வேறு. வால்வைச் சற்று மூடினால் மேற்புற அமுக்கம் உயரும். உயர்ந்த அமுக்கத்தில் அவ்வாயு அதே நீருக்கு மிகுதியான வெப்பத்தைக் கொடுக்கும். ஓரெல்லை வரை குளிர் கூடும். தண்ணீர் போதாதென்று மடையை அடைப்பது போன்ற செயல் இது. வெப்பக் கடலில் இப்பொறிகளை நடத்தியோருக்கு வால்வின் சக்கரத்தில் வைத்த கை ஒரு கல்வியாகவே இருந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போர் இத்துறைமுகத்தை உலக அரங்கிற்குக் கொண்டுவந்தது. 1905 இல் மூடப்பெற்ற கடற்படைத் தளம் இரு போர்களுக்கிடையே மீண்டும் உயிர் பெற்று, சீனன்குடாப் பக்கத்தே பேரளவான எண்ணெய்த் தாங்கிகளும் எழுந்திருந்தன. சிங்கப்பூர் 1942 பெப்புருவரியில் வீழ்ந்தபின் இதன் மதிப்பு உயர்ந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் காலையில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின; அன்றே ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இவை பலமுறை சொல்லப்பட்டவை. அதிகம் சொல்லப்படாதது நீர்மூழ்கிகளின் உள்ளே இருந்த வெப்பம்.

1943, 1944 ஆம் ஆண்டுகளிற் பிரித்தானிய நீர்மூழ்கிகள் இங்கிருந்து மலாக்கா நீரிணைக்குச் சென்று வந்தன. ‘தலிஹோ’ என்ற கலம் 1944 சனவரி 11 இல் பினாங்குக்கு அருகே ‘குமா’ என்னும் யப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது இங்கிருந்து புறப்பட்ட பயணத்திலேதான். பகல் முழுதும் நீரடியில், மூடிய எஃகுக் குழலினுள், அறுபது பேருக்கு மேற்பட்ட மனிதரும் மின்கலங்களும் வெளிவிடும் வெப்பத்தை எண்ணிப் பாருங்கள். வேர்வை சுவரிற் படிந்து வழியும். அவ்வீரம் மின்கம்பிகளிற் புகுந்து குறுக்கோட்டம் விளைக்கும். அமெரிக்கர் 1934 ஆம் ஆண்டிலேயே ‘கற்றில்பிஷ்’ என்ற நீர்மூழ்கியிற் குளிரூட்டும் பொறியை வைத்தனர். வீரர்களைச் சொகுசாக வைத்திருக்கும் ஆடம்பரம் என்று அதனை முதலில் எள்ளியோரும் உண்டு. மின்கருவிகள் ஈரமின்றி இருந்ததைக் கண்டபின் எள்ளல் அடங்கிற்று. வட கடலின் குளிரை மனத்திற்கொண்டு அமைக்கப்பெற்ற பிரித்தானியக் கலங்களும் கீழைக் கடலுக்கு வந்தபின் படிப்படியாக அவ்வழியைப் பின்பற்றின.

இம்மாற்றத்தை இயலச் செய்தவை இரண்டு. ஒன்று, தோமஸ் மிட்சிலியும் அவர் துணைவரும் 1928 இற் கண்டு 1930 இல் அறிவித்த ‘பிரெயோன்’ என்னும் செயற்கை வாயு. நஞ்சற்றது, தீப்பற்றாதது; காபனீரொட்சைட்டுக்கு 70 வளிமண்டல அமுக்கம் வேண்டிய இடத்தில் இதற்கு எட்டுப் போதும்; நமது கடல்நீரிலும் எளிதில் ஒடுங்கும். மற்றொன்று, 1920 களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான வெப்பவழி விரிவு வால்வு. நீர்மூழ்கியின் நெருக்கத்தில் ஒருவர் நாள் முழுதும் சக்கரத்தைப் பிடித்து நிற்க இயலாது. வால்வு தன் வேலையைத் தானே அறிந்து செய்யவேண்டியதாயிற்று.

அது எவ்வாறு அறிகின்றது? ஆவியாக்கியின் வாயிலில், அமுக்கிக்குச் செல்லும் குழாயின்மேல், ஒரு சிறு குமிழ் இறுகக் கட்டப்பட்டிருக்கும். அதனுள் ஆவியாகத்தக்க திரவம் சிறிது உண்டு. அக்குமிழிலிருந்து மயிர்போன்ற நுண்குழாய் ஒன்று வால்வின் தலைக்குச் செல்லும். அங்கே ஒரு மெல்லிய தகடு. குழாய் சூடேறினாற் குமிழின் அமுக்கம் ஏறித் தகட்டைக் கீழே தள்ளி வால்வைத் திறக்கும். ஆவியாக்கியின் அமுக்கமும் ஒரு சுருள்வில்லும் சேர்ந்து எதிர்ப்புறம் நின்று மூட முயலும். ஒன்று திறக்க, இரண்டு மூட, மூன்றும் ஒத்த இடத்தில் ஊசி நிற்கும். ஆவியாக்கியை விட்டு வரும் ஆவி, தான் கொதிக்கும் வெப்பநிலையைவிட ஐந்தாறு பாகை கூடியிருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. அதனை மிகைவெப்பம் என்பர். அக்கூடுதல் இருந்தால் அமுக்கிக்குத் திரவம் செல்லவில்லை என்பது உறுதி. அமுக்கி ஆவிக்காகப் பிறந்தது. திரவத்தை அமுக்க முயன்றால் அதன் உள்வால்வுகள் உடையும், எண்ணெய் கழுவப்படும்.

தானே அசையும் கருவிக்கே அசையாது நிற்கும் நோயும் வரும். கைச்சக்கரக் காலத்திற் குற்றம் கையினுடையது, இப்போது வால்வினுடையது. அந்நோய் இருவகைப்படும்.

மூடிய நிலையிற் சிக்கினால் ஆவியாக்கி பட்டினி கிடக்கும். தாழ்புற அமுக்கம் வீழும். வால்வை அடுத்த சில அங்குலம் மட்டும் குளிர்ந்து, சில வேளை உறைபனியும் பூத்து, எஞ்சிய குழாய் வெதுவெதுப்பாக இருக்கும். காஸ் குறைந்தாலும் இதே அடையாளந்தான் தோன்றும்; இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர். வேறுபாட்டை மறுபக்கத்திற் காணவேண்டும். காஸ் குறைந்திருந்தால் ஒடுக்கியிலிருந்து வரும் திரவக் குழாயின் பார்வைக் கண்ணாடியிற் குமிழிகள் ஓடும். வால்வு அடைத்திருந்தால் திரவம் ஒடுக்கியிலே தேங்கி நிற்கும். கண்ணாடி குமிழியின்றித் தெளிவாக இருக்கும். அக்குழாய் வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் இருக்கும். இந்நிலையில் மேலும் காஸ் ஏற்றுபவர், நிரம்பி வழியும் குளத்துக்கு நீர் பாய்ச்சுகின்றார்.

திறந்த நிலையிற் சிக்கினால் நேர்மாறு. தாழ்புற அமுக்கம் உயரும், மிகைவெப்பம் இல்லாதொழியும், திரும்புகுழாய் அமுக்கியின் உடல்வரை வேர்த்து நனையும். இது கூடுதல் ஆபத்தானது. மூடிய வால்வு முதலிற் குளிரையே கெடுக்கும். திறந்த வால்வு அமுக்கியையே கொல்லும். அமுக்கியின் விலையை ஒருமுறை கேட்டவர் இதனை மறவார்.

அளந்து பார்ப்பதே தக்கது. படிப்படியாகக் கைவிடப்பட்டுவரும் ஆர்-22 வாயுவை உதாரணமாகக் கொள்வோம். தாழ்புற அமுக்கமானி சதுர அங்குலத்துக்கு 68 இறாத்தல் காட்டினால், உள்ளே ஏறத்தாழ நாலரைப் பாகையிற் கொதிக்கிறது என்று பொருள். குமிழின் அருகே வெப்பமானி பத்துப் பாகை காட்டினால் மிகைவெப்பம் ஐந்தரை, குறையொன்றுமில்லை. இருபத்தைந்து காட்டினாற் பட்டினி. ஐந்து காட்டினால் வெள்ளம். கருவி இல்லாத இடத்திற் கையும் ஒருவாறு உதவும். கன்னியாயின் ஏழு கிணறுகளில் ஒவ்வொன்றாக நீர் மொண்டு வார்ப்போர், எந்தக் கிணறு எத்தனை பாகை என்று சொல்லமாட்டார்; எது எதனைவிடச் சூடு என்று தவறாது சொல்வர். குழாய்களிலும் கைக்கு அந்த அளவே தெரியும்.

வால்வைக் குற்றவாளியாக்குமுன் அயலில் உள்ளவரை விசாரித்தல் முறை. காற்று வடி தூசியால் அடைபட்டிருந்தால் ஆவியாக்கிக்கு வெப்பமே கிட்டாது. குழாய் பனிபடர்ந்து, திறந்து சிக்கிய வால்வைப்போல் நடிக்கும். குமிழின் கட்டுப்பட்டி தளர்ந்தாலோ, அதன் மேலுறை கிழிந்தாலோ, அது அறையின் சூட்டை உணர்ந்து வால்வை அளவுக்கு மீறித் திறக்கும். ஒரு திருகை இறுக்கினாற் தீரும் குறை அது. வால்வுக்கு முன்னுள்ள உலர்த்தி அடைபட்டால், மூடிய வால்வு போலத் தோன்றும். ஆனால் அங்கே உலர்த்தியின் ஒரு முனையைவிட மறுமுனை தெளிவாகக் குளிர்ந்திருக்கும்.

இவையெல்லாம் செம்மையாயிருந்தால், பழைய சோதனை ஒன்று உண்டு. பொறி ஓடும்போதே குமிழைக் குழாயினின்று அவிழ்த்து உள்ளங்கையிற் பொத்திப் பிடிக்க வேண்டும். உடற்சூட்டால் வால்வு திறந்து, சிறிது நேரத்திற் தாழ்புற அமுக்கம் ஏறவேண்டும். நெடுநேரம் பிடித்திருத்தல் கூடாது; அமுக்கிக்குத் திரவம் சென்றுவிடும். பின்னர் அதே குமிழைப் பனிக்கட்டி நீரில் ஆழ்த்தினால் அமுக்கம் இறங்கவேண்டும். சூட்டுக்கும் குளிருக்கும் அசையாத முள், அசையாத ஊசியைக் காட்டுகின்றது. மேலும் ஒரு நுட்பம்: குமிழின் உள்வாயு கசிந்து போயிருந்தால், திறக்கும் விசை இன்றி மூடும் விசைகளே எஞ்சுவதால், வால்வு மூடியே கிடக்கும், ஒருபோதும் திறந்து சிக்காது. எனவே திறந்து சிக்கிய வால்வினுள் தேடவேண்டியது அழுக்கையும் உலோகத்துகளையும்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு சொல். கடற்கரைக் காற்றில் குழாயைத் திறந்துவைத்து வேலை செய்தால் நீராவி உட்புகும். மீனுக்குப் பனிக்கட்டி செய்யும் பொறியிலும் உறையறையிலும் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழ் இருப்பதால், அந்நீர் துளையிலேயே உறைந்து அடைக்கும். வெந்நீரில் நனைத்த துணியை வால்வின்மேற் சுற்றினால் ‘உஸ்’ என்ற ஓசையோடு ஓட்டம் மீளும். அவ்வோசை ஈரத்தின் ஒப்புதல் வாக்குமூலம். அறையைக் குளிர்விக்கும் பொறியில் கொதிநிலை நாலைந்து பாகையாதலால், வழக்கமான ஓட்டத்தில் துளையில் நீர் உறைவதில்லை. அங்கே ஈரம் எண்ணெயோடு கூடி அமிலமும் பசையும் ஆகி ஊசியைப் பிடிக்கின்றது. ஒன்றுக்குச் சொன்ன மருந்து மற்றதற்கு ஆகாது.

1957 ஒற்றோபர் 15 இல் தளம் இலங்கையரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரெயோன் வாயுவின் புகழும் நெடுநாள் நிலைக்கவில்லை. அது வானின் மேலடுக்கில் ஓசோனை அழிக்கின்றதென்று கண்டபின், 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. இலங்கை 1989 இல் அதில் இணைந்தது. அன்று கப்பல்களிற் கைவிடப்பட்ட காபனீரொட்சைட்டு இன்று பெருங்கடைகளின் குளிரறைகளில் மீண்டும் தலைகாட்டுகின்றது. 31 பாகைக்கு மேல் வால்வை மூடி அமுக்கத்தை உயர்த்தும் பழைய வேலையை இப்போது கணிக்கும் கருவியொன்று செய்கின்றது. வெப்பநாடுகளில் அப்பொறிகளுக்கு அன்றிருந்த தொல்லை இன்றும் முற்றாக நீங்கவில்லை.

வீட்டிலுள்ள சிறு பொறிகள் பலவற்றில் வால்வே இல்லை. அளந்து வெட்டிய நுண்குழாய் ஒன்றே அவ்வேலையைச் செய்கின்றது. அது அடைபடும், ஆனாற் சிக்காது. புதிய வகைப் பொறிகளிலோ குமிழும் தகடும் போய், படிப்படியாகச் சுழலும் சிறு மின்னோடி ஊசியை நகர்த்துகின்றது. மின்னிணைப்புக் கொடுத்தவுடன் வெளியே நிற்கும் பெட்டியிற் சில நொடி ‘டிக் டிக்’ என்று மெல்லக் கேட்கும் ஒலி, அம்மின்னோடி ஊசியைத் தன் தொடக்க நிலைக்குக் கொண்டுசெல்லும் ஒலியே. அது கேட்கவில்லையாயின், காஸ் உருளையைத் தூக்கி வருமுன் அம்மின்னோடியின் கம்பி இணைப்பைப் பார்க்கச் சொல்லலாம்.